எல்லையோர வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்: லைசென்ஸ், ஜிஎஸ்டி, செக்போஸ்ட்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எல்லாமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். இங்கே தமிழ் பேசுகிறவர்களின் கடை கேரளத்தில் இருக்கும், சரக்கும் வாடிக்கையும் பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்கிற கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் இவை.

ஏனுங்க, சின்னதா ஒரு எண்ணெய்ச் செக்கு போடணும். எந்த ஆபீஸ்ல ஆரம்பிக்கறது?

ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால், தொழில் அனுமதிகளுக்கான கேரள அரசின் கே-ஸ்விஃப்ட் இணையதளத்துக்குப் போங்கள். கேரள அரசு 2019-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. 10 கோடி ரூபாய் வரை முதலீடுள்ள தொழில் என்றால், அதிக மாசு உண்டாக்கும் தொழில்கள் அடங்கிய, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் வராத பட்சத்தில், சுய உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தொடங்கிவிடலாம். மாநிலச் சட்டங்களின் கீழ் வாங்க வேண்டிய அனுமதிகளுக்குப் பதிலாக 3 வருடத்துக்கு அந்தச் சான்றிதழே நிற்கும். 3 வருடம் முடிந்து 6 மாதத்துக்குள் மற்ற அனுமதிகளை வாங்கிவிட வேண்டும்.

இந்தச் சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும், பஞ்சாயத்து லைசென்ஸ் கிடைக்கும் வரை மெஷினை மூடி வைத்துக்கொண்டு வாடகை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தச் சான்றிதழை அச்செடுத்து, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஆனால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் ஜிஎஸ்டியும் மத்தியச் சட்டங்கள். அவை இந்தச் சான்றிதழில் அடங்காது, தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழ் இருந்தால் எந்த இடத்திலும் கட்டலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் காசை விடுகிறார்கள்.

2008-ஆம் வருடத்து நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்தில் மிகவும் கடுமையானது. ஒப்புகைச் சான்றிதழ் அதற்கு மேலே நிற்காது. நேரில் பார்த்தால் தென்னந்தோப்பாகவோ வெறும் பொட்டலாகவோ தெரியும். வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் அது வயல் கணக்கு, 'புரயிடம்' என்று இருந்தால் வயல் இல்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு காகிதம் பாருங்கள்: கரம் (நிலவரி) கட்டிய ரசீதில் இடம் எந்த வகை என்று எழுதியிருக்கிறது, அப்புறம் டேட்டா பேங்க் எனும் பஞ்சாயத்தின் வயல் பட்டியலில் அந்த சர்வே எண் இருக்கிறதா. டேட்டா பேங்க்கில் தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லி படிவம் 5 போட வேண்டும். அதில் இல்லை, ஆனாலும் பதிவேட்டில் நிலம் என்று இருக்கிறது என்றால், 50 சென்ட் வரைக்கும் படிவம் 6. இரண்டும் வருவாய்க் கோட்ட அதிகாரிக்கோ, அந்த அதிகாரம் பெற்ற துணை ஆட்சியருக்கோ போகும், ஆன்லைனில்.

தரகர் "அதெல்லாம் மாத்திக்கலாமுங்க" என்பார். மாற்றின பிறகு மிச்சப் பணம் தருகிறேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வயலைக் காக்கிற சட்டம் தேவை என்றே நான் நினைக்கிறேன். பாலக்காட்டுக்குச் சோறு போடுவதே வயல்தான். ஆனால் பதிவேட்டில் இருக்கிற தவறைத் திருத்துவதற்கு ஒரு சின்ன வியாபாரி மாதக்கணக்கில் காத்திருப்பதில் வயலுக்கு ஒரு லாபமும் இல்லை.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. மனு கொடுக்க ஒவ்வொரு தடவையும் ஆளுக்குக் காசு கொடுக்கிறேன். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள். 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தலைமைச் செயலகம், துறைத் தலைவர்கள், சிறுபான்மையினர் வாழும் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்கள் ஆகியவற்றுக்குச் சொந்த மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும்.

ஆன்லைன் படிவங்களுக்கு இது உதவாது, அவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஆனால் விளக்கக் கடிதம், புகார், நோட்டீஸுக்குப் பதில், மேல்முறையீடு எல்லாம் தமிழில் போகலாம். "மலையாளத்தில் கொண்டு வா" என்று வாயால் சொன்னால், அதையே எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். கேரளத்தில் 2012 முதல் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தச் சேவை எத்தனை நாளுக்குள், யாரிடம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாரிடம் மேல்முறையீடு என்று ஒவ்வொரு அலுவலகமும் அறிவிக்க வேண்டும். முத்திரையில் இருக்கிற தேதியில் இருந்துதான் அந்த நாள் கணக்கு ஓடும்.

டர்ன்ஓவர் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி என்கிறார்கள். எனக்கு 8 லட்சம்தான். ஆடிட்டர் எடுக்கச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

ஏமாற்றவில்லை. பொள்ளாச்சிக் கடைகளுக்கு நீங்கள் சரக்கு அனுப்புகிறீர்கள் இல்லையா, அதுதான் காரணம்.

பொருள் விற்பவருக்கு 40 லட்சம், சேவை செய்பவருக்கு 20 லட்சம் என்ற வரம்பு உண்மைதான், கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். ஆனால் வரி விதிக்கிற பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், முதல் ரூபாயில் இருந்தே பதிவு வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவு. கொழிஞ்சாம்பாறையில் இருந்து காசர்கோடு வரை மாநிலம் முழுக்க அனுப்புகிறவருக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆனைமலைக்கு ஒரு மூட்டை அனுப்புகிறவருக்குத் தேவை. எல்லையில் வாழ்கிறோம் என்பதற்காகவே நம் தலையில் ஏறுகிற சுமை இது.

சேவைக்கு இந்தச் சிக்கலை 2017-லேயே தீர்த்துவிட்டார்கள். தையல், டிசைன், ரிப்பேர் போன்ற சேவைகளை வெளிமாநிலத்தாருக்குச் செய்தாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். பொருளுக்கும் அதே சலுகையைக் கொடுப்பதில் என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு நல்ல செய்திகளும் உண்டு. தன் தோட்டத்தில் விளைந்ததை விற்கிற விவசாயிக்குப் பதிவே வேண்டாம். இன்னொன்று, தமிழ்நாட்டுக்காரர் உங்கள் கடைக்கே வந்து கையில் வாங்கிப் போனால், பில்லில் வெளிமாநில முகவரி போடாத வரைக்கும் அது கேரள விற்பனைதான்.

காம்போசிஷன் எடுத்தால் சுலபம் என்கிறார்களே?

காம்போசிஷன் என்பது ஜிஎஸ்டியில் சின்ன வியாபாரிகளுக்கான எளிய திட்டம். ஒன்றரைக் கோடி வரை டர்ன்ஓவர் உள்ள கடைக்கு விற்பனையில் 1 சதவீதம் வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டுவது, வருடத்துக்கு ஒரே ரிட்டர்ன். சுலபம்தான். ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது. அங்கிருந்து வாங்கலாம், இங்கிருந்து அனுப்பக் கூடாது. ஊருக்குள் மட்டும் விற்கிற மளிகைக் கடைக்கு நல்லது. பொள்ளாச்சிக்கு அனுப்புகிறவர் தொடவே வேண்டாம்.

கடை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். ஜிஎஸ்டி பதிவில் இதைக் கேள்வியாகக் கேட்டு நிறுத்திவிட்டார்கள்.

எல்லையில் இது சாதாரணம். 2025 ஏப்ரல் 17-இல் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது, எண் 03/2025. விண்ணப்பதாரரின் வீடும் கடையும் ஒரே ஊரில் இல்லையே என்பது போன்ற ஊகக் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. சொந்த இடம் என்றால் கட்டட வரி ரசீது, கரண்ட் பில் போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். வாடகை இடம் என்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் ஆவணம் ஒன்றும். பட்டியலில் இல்லாததைக் கேட்கக் கூடாது.

இது மத்திய அதிகாரிகளுக்கான உத்தரவு. உங்கள் விண்ணப்பம் மாநில அதிகாரியிடம் போயிருந்தாலும் பதிலில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். சட்டமும் படிவமும் ஒன்றுதானே. வாயால் வாதாடுவதை விட, எண்ணும் தேதியும் போட்ட மூன்று வரி அதிகம் பேசும்.

அப்புறம், 2025 நவம்பர் 1 முதல் சின்ன வியாபாரிகளுக்கு எளிய பதிவு வந்திருக்கிறது. பதிவு பெற்ற மற்ற வியாபாரிகளுக்கு விற்பதில் மாதம் இரண்டரை லட்சத்துக்கு மேல் வரி வராது என்று நீங்களே சொன்னால், மூன்று வேலை நாளில் பதிவு கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதையே பாருங்கள்.

50 கிலோமீட்டருக்குள் என்றால், சரக்கோடு போகும் ஆன்லைன் சீட்டான இ-வே பில் வேண்டாமாமே?

தவறு. இதை நம்பி மாட்டியவர்கள் நிறைய.

அந்த 50 கிலோமீட்டர் சலுகை ஒரே மாநிலத்துக்குள், உங்கள் இடத்தில் இருந்து லாரி ஆபீஸ் வரை போவதற்கு மட்டும். அதுவும் வண்டி எண்ணைப் போட வேண்டாம் என்பதுதான் சலுகை, பில்லே வேண்டாம் என்பதில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் நூறு மீட்டர் ஆனாலும், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே போகும் சரக்குக்குத் தமிழ்நாட்டில் 1 லட்சம், கேரளத்தில் 50,000. அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் சொல்லும் கணக்கு இந்தப் பக்கம் செல்லாது.

தையல் யூனிட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். திருப்பூரில் இருந்து துணி கொடுத்துத் தைத்து வாங்குகிற ஜாப் ஒர்க் என்றால், எல்லை தாண்டும்போது மதிப்பு 5,000 ஆனாலும் இ-வே பில் போட வேண்டும். துணி அனுப்புகிறவரோ, பதிவு பெற்ற ஜாப் ஒர்க்காரரோ போடலாம். காய்கறி, பழம், பால், தேங்காய் போன்ற வரியில்லாப் பொருட்களுக்கு வேண்டாம்.

வண்டியை நிறுத்தி, பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று பெரிய அபராதம் கேட்டார்கள்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது வாளையாரில் வணிக வரி செக்போஸ்ட் நின்றுபோனது. அதுவரை அங்கே லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். இப்போது நடமாடும் குழுக்கள் வழியில் நிறுத்திப் பார்க்கின்றன.

மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64-ஆம் எண் சுற்றறிக்கையை அச்செடுத்து டிரைவரிடம் கொடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப் பிழை, முகவரி சரியாக இருந்து பின்கோடு தப்பு, பில் எண்ணிலோ வண்டி எண்ணிலோ ஓரிரு எழுத்து, இலக்கம் மாறியிருப்பது: இவற்றுக்குச் சரக்கைப் பிடித்து வைக்கும் நடவடிக்கை கூடாது. வெளிமாநிலச் சரக்கென்றால் 1,000 ரூபாய் அபராதத்தோடு முடித்துவிட வேண்டும். வித்தியாசத்தைப் பாருங்கள்: 1 லட்சம் ரூபாய் முறுக்குக்கு 5 சதவீத வரி 5,000. ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவில் சரக்கைப் பிடித்தால், உரிமையாளர் நேரில் வந்தாலும் அபராதம் வரியைப் போல இரு மடங்கு, அதாவது 10,000. கூடவே வண்டி வாடகையும் நின்ற நாட்களும். ஆனால் இ-வே பில்லே இல்லை என்றால் இந்தச் சுற்றறிக்கை காப்பாற்றாது.

சின்ன யானை வண்டிக்குக் கேரளா பெர்மிட் எடுக்கணுமா?

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் மொத்த எடையைப் பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்றிதழ் மட்டும் தேதி தாண்டாமல் இருக்கட்டும்.

சரக்கை நாங்களே இறக்கிவிட்டோம். பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கூலி கேட்கிறார்கள்.

நோக்குக்கூலி கேரளத்தில் 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டது. உயர் நீதிமன்றமும் 2021-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. வேலை செய்யாமல் கூலி கேட்டால் அசிஸ்டன்ட் லேபர் ஆபீசரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 1978-ஆம் வருடத்துச் சுமைத் தொழிலாளர் சட்டத்தின் திட்டம் அமலில் உள்ள பகுதி என்றால், பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு அங்கே வேலை கேட்கும் உரிமை உண்டு. உங்கள் இடம் அதில் வருகிறதா என்று முதலில் லேபர் ஆபீஸில் கேளுங்கள். வருகிறது என்றால் அங்கீகரித்த கூலிப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, அதன்படி கொடுத்து, ரசீது வாங்குங்கள். முதுகில் மூட்டை சுமப்பவருக்குக் கூலியைக் குறைக்க இந்தப் பதிலைப் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டில் முறுக்கும் நேந்திரன் சிப்ஸும் போட்டு விற்கிறேன். பாக்கெட்டில் என்ன எழுதணும்?

சின்ன அளவில் செய்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய். இதற்கு ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள், கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்திலேயே போடலாம். 14 இலக்க எண் வரும், அது பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

கூடவே பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உங்கள் பெயரும் முகவரியும், புகார் சொல்ல ஒரு போன் நம்பர். இவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழும் மலையாளமும் கூடுதலாகப் போடலாம். தமிழில் மட்டும் அச்சடித்த ஆயிரக்கணக்கான கவர்களை ஒரு அக்கா வீட்டில் அடுக்கி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு மாதிரியை யாரிடமாவது காட்டுங்கள். பாக்கெட் போடுகிறவர் எடை அளவுத் துறையிலும் பதிய வேண்டும், தொடங்கி 90 நாளுக்குள்.

தராசுக்கு எப்போது முத்திரை?

எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை. சான்றிதழைத் தராசுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

கம்பெனிக்கு பார்ட்ஸ் செய்து கொடுக்கிறேன். நாலு மாதமாகப் பணம் வரவில்லை.

கஞ்சிக்கோடு தொழிற்பகுதியைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளை முடக்குவது பெரும்பாலும் இதுதான். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இருக்கிறதா? இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். அது இருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் அவர்கள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம். வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது: குறு, சிறு தொழிலுக்குக் காலம் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, கட்டுகிற வருடத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் இதை ஞாபகப்படுத்தி ஒரு கடிதம் போடுங்கள், பல இடங்களில் பணம் நகர்ந்திருக்கிறது. வாங்கி விற்கும் கடைக்காரருக்கு மட்டும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

அந்த மாதம் வியாபாரமே இல்லை. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணுமா?

போட வேண்டும். விட்டால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை தாமதக் கட்டணம் ஏறும். வியாபாரம் எதுவும் இல்லாத மாதத்து 3பி என்ற ரிட்டர்னை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடிக்கலாம்.

இந்தச் சுமை குறைய அரசு என்னதான் செய்யணும்?

செய்ததையும் சொல்ல வேண்டும். 2023-இல் மத்திய அரசு ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டு வந்து 42 சட்டங்களில் 183 இடங்களில் குற்றத் தண்டனையை நீக்கியது, குறைத்தது. கேரளம் பல துறைகளின் ஆய்வை ஒரே தளத்துக்குக் கொண்டு வந்திருக்கிறது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதலாவது, பொருளுக்கும் சேவைக்கும் எல்லையில் ஒரே நியாயம்: வருட டர்ன்ஓவர் 20 லட்சம் வரை எல்லை தாண்டி விற்றாலும் பதிவு வேண்டாம் என்று அறிவிக்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் கூட வேண்டாம், சேவைக்குச் செய்தது போல ஓர் அறிவிக்கை போதும்.

அடுத்தது காகிதம். முறுக்கு போடும் ஒரு அக்காவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பார்த்தால், ஒரே கட்டட வரி ரசீதின் நகல்கள்: பஞ்சாயத்துக்கு ஒன்று, உணவுத் துறைக்கு ஒன்று, ஜிஎஸ்டிக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. அந்த ரசீதைக் கொடுத்ததே பஞ்சாயத்துதான். அதே பஞ்சாயத்து அதன் நகலைத் திரும்பக் கேட்கிறது. அரசு கொடுத்த காகிதத்தை அரசே தன் கணினியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் அந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறுகிறார், அன்றைக்கு அவருக்கு வருமானம் இல்லை. பெரிய கம்பெனி இதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ளும், அவரால் முடியாது.

மூன்றாவது, ஓர் ஆவணத்தைக் கூடுதலாகக் கேட்கும் அதிகாரி, எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று எழுத வேண்டும். இது கட்டாயமானால் பாதிக் கேள்விகள் தானாக நின்றுவிடும். அதுவரை நாமே கேட்கலாம். 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பழைய பில்லெல்லாம் எத்தனை வருடம் வைத்திருக்கணும்?

ஜிஎஸ்டி கணக்குகள், அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால், அது முடிந்து ஒரு வருடம் அல்லது இந்த 72 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரைக்கும். தெர்மல் பேப்பர் பில் சீக்கிரம் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.